கேட்காமல் கிடைத்த நாடு

உ

அரியக்குடி
12.11.1967

சிங்கப்பூரில் இருக்கும் தம்பி தங்கச்சாமிக்கு உன் ஐயா எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் தங்கை பொன்னழகும் சுகமாக இருக்கிறோம், நீயும் மருமகள் புஷ்பவள்ளியும் பேரனும் சுகம் என்று உன் கடிதத்தில் படித்து மனது நிறைந்தது. மேலே இருக்கும் பிள்ளையார் சுழி உன் அம்மா போட்டது, கடல் தாண்டிப் போகிற காகிதம் அது இல்லாமல் போகக்கூடாதாம். சாமி இல்லை என்கிற என் கொள்கை அப்படியேதான் இருக்கிறது, பேனாவைத்தான் பிடுங்கிக்கொண்டாள். ஐப்பசி முடியப் போகிறது, கண்மாயில் பாதித் தண்ணீர்கூட இல்லை. புதுவயல் மில்லில் நெல் வரத்துக் குறைந்துபோய் வாரத்தில் மூன்று நாள்தான் வேலை. பொன்னழகுக்கு நாட்டரசன்கோட்டை மாப்பிள்ளையையே பேசி முடித்துவிட்டோம், பையன் பஞ்சாயத்து யூனியன் ஆபீஸில் கிளார்க், அதிர்ந்து பேசாத பிள்ளை. தை பதினைந்தில் கல்யாணம். அம்மாவுக்கு முழங்கால் வலி முன்னைப்போல்தான், நீ அனுப்பிய தைலத்தைத் தடவாமல் பெட்டிக்குள் வைத்து அழகு பார்க்கிறாள்.

உன் கடிதம் வந்து மூன்று வாரமாகிறது. உடனே பதில் போடவில்லை என்று நினைத்திருப்பாய். தாமதத்துக்குத் தபால் காரணமில்லை, நான்தான் காரணம். அந்த ஊர்ப் பிரஜையல்லாதவர்களுக்கு வேலை பெர்மிட் வைத்துவிட்டார்கள், உன் பெர்மிட் சித்திரையோடு முடிகிறது, அங்கேயே பிரஜாவுரிமைக்கு மனுப் போட்டால் துறைமுக வேலை நிலைக்கும், போட்டால் இந்தியப் பாஸ்போர்ட்டை விட்டுவிட வேண்டும் என்று எழுதியிருந்தாய். அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. ஐயா, இருபது வருஷம் தனிநாடு கேட்டவர் நீங்கள், ஒரு தனிநாட்டில் பிரஜையாகலாமா என்று உங்களைத் தவிர நான் யாரைக் கேட்பது என்று ஒரு வரி எழுதியிருந்தாய். என்னைக் குத்திக்காட்டுகிறாய் என்று எனக்குக் கோபம் வந்தது. நாலு முறை படித்த பிறகுதான் நீ உண்மையாகவே கேட்கிறாய் என்று புரிந்தது. கோபம் போய்விட்டது, அது இருந்திருந்தாலே தேவலை. உன் அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். சோறு வடித்துக்கொண்டிருந்தவள் கேட்டுவிட்டு, நாடு கேட்டது நீங்க, குடுத்தது எம்புள்ளைக்கா, எனக்கு அவனைத் திருப்பிக் கேட்டு வாங்கித் தாரீகளா என்றாள்.

நான் கேட்டது தவறு என்று இன்றைக்கும் சொல்ல மாட்டேன் தம்பி. தனக்கென்று மொழியும் வாழ்க்கையும் உள்ள ஜனங்கள், எங்களை நாங்களே பார்த்துக்கொள்கிறோம் என்று சொல்வதில் என்ன பாவம் இருக்கிறது. போன மாதம்கூடத் தபால் ஆபீஸில் பெரிய எழுத்தில் இந்தி அச்சடித்த மணியார்டர் பாரத்தைக் கையில் வைத்துக்கொண்டு, இதில் எங்கே எழுதுவது என்று ஒரு பெண் ஒவ்வொருவராகக் கேட்டுக்கொண்டிருந்தாள். தனிநாடு வேண்டாம் என்று கழகம் முடிவெடுத்து நாலு வருஷமாகிறது, இப்போது ஆட்சிக்கே வந்துவிட்டது, ஊரெல்லாம் வெடி போட்டார்கள், நானும் போட்டேன். ஆனால் கேட்டதை எங்கே இறக்கி வைத்தோம் என்று எங்களில் யாரும் பேசிக்கொள்வதில்லை. சீனாக்காரன் எல்லையில் வந்து நின்றபோது கேட்கிற காரியமா என்றார்கள், பிரிவினை பேசக் கூடாதென்று சட்டம் வந்துவிட்டது என்றார்கள், இரண்டும் எனக்குப் புரிந்தது. புரிந்தாலும் ஆறவில்லை.

எனக்கு உறுத்துவது வேறு. உன் கடிதத்தின் கடைசியில் மருமகளைப் பற்றி நீ எழுதியிருந்ததுதான். அவள் தாய்வீடு பாலத்துக்கு அந்தப் பக்கம் ஜோகூரில் இருக்கிறது, முன்னெல்லாம் குழம்பு கொதிக்கிற நேரத்தில் போய் வருவாள், இரண்டும் தனித்தனி நாடான பிறகு இப்போது பாலத்தில் வரிசையில் நின்று பாஸ்போர்ட் காட்ட வேண்டியிருக்கிறது, அம்மாவுக்குக் காய்ச்சல் என்று ஓடியவளைக் காகிதம் சரியில்லை என்று ஒருநாள் திருப்பி அனுப்பிவிட்டார்கள் என்று எழுதியிருந்தாய். அதைப் படித்ததும் மாயக்கண்ணன் ஞாபகம் வந்தான். உனக்கு அவனைத் தெரியாது, கல்லல் பக்கத்தில் கொல்லுப்பட்டறையில் இரும்பு அடிக்கிறவன். பத்து வருஷத்துக்கு முன்னால் அங்கே ஒரு கூட்டத்தில் நான் பேசிக்கொண்டிருந்தபோது எழுந்து நின்று, அண்ணே, எந்தங்கச்சி பம்பாயில இருக்கா, எல்லைக்கல்ல எங்குட்டு ஊண்டப் போறீக, அவ வந்துபோக முடியுமா என்று கேட்டான். நான் மைக்கைப் பிடித்துக்கொண்டு, உன் தங்கச்சிக்குத் தனி ரயில் விடுகிறோம், நீ உட்கார் என்றேன். கூட்டம் சிரித்துக் கை தட்டியது, அவனும் சிரித்த மாதிரி உட்கார்ந்துவிட்டான். நான் எத்தனையோ கேள்விகளுக்கு மணிக்கணக்கில் பதில் சொன்னவன். அந்த ஒரு கேள்விக்கு மட்டும் பதில் சொல்லவில்லை, சொல்ல எனக்குத் தெரியவில்லை, அதை மறைக்கத்தான் சிரிக்க வைத்தேன். போன ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறிப் போய் அவனைப் பார்த்தேன். அவனுக்கு அந்தக் கூட்டமே நினைவில்லை. தங்கச்சி நல்லாருக்கா அண்ணே, மூணு புள்ளைக என்று சொல்லிக் காப்பி வாங்கிக் கொடுத்தான். மன்னிப்புக் கேட்கப் போனவன் காப்பியைக் குடித்துவிட்டு வந்தேன்.

இனி உன் விஷயம். மனுவைப் போடு. அந்த ஊர் நாட்டைக் கேட்கவில்லை, பாலத்துக்கு அந்தப் பக்கத்துக்காரர்களால் வெளியே தள்ளப்பட்டுத்தான் நாடாயிற்று என்று நீயே எழுதியிருக்கிறாய், அப்படிப்பட்ட ஊர் உன்னை உள்ளே வா என்கிறது. பேரன் பிறந்த மண் அது. பெர்மிட்டைக் கையில் வைத்துக்கொண்டு எத்தனை வருஷம் பயந்துகொண்டிருப்பாய். மருமகளின் காகிதத்தையும் முதலில் சரிசெய்து கொடு, அவள் தாயைப் பார்க்கப் போவதற்குக் கணக்குப் பார்க்காதே.

நீ கேட்ட பிறப்புச் சான்றை இந்த ரிஜிஸ்தர் கவரில் வைத்திருக்கிறேன். தாலுகா ஆபீஸ் ரிஜிஸ்தரில் உன் பெயர் இல்லை, உடையப்பனுக்கு ஆண் குழந்தை என்று மட்டும்தான் இருக்கிறது. அந்தக் குழந்தை நீதான் என்று நான் முத்திரைத்தாளில் பிரமாணம் எழுதித் தர வேண்டியதாயிற்று. பத்திரம் எழுதுகிற மெய்யநாதன், இந்தியப் பிரஜையும் அரியக்குடியில் வசிப்பவருமான என்று ஆரம்பித்துப் படித்தவன் நிறுத்திவிட்டு என் முகத்தைப் பார்த்தான். மாமா, இந்த வார்த்தைய விட்டுரவா என்று கேட்டான். தேசப்படத்தை எரித்த கேஸில், நீ எந்த நாடு என்று நீதிபதி கேட்டதற்கு, என் நாடு இன்னும் வரவில்லை, வந்ததும் சொல்கிறேன் என்று நான் சொன்னதும் மூன்று வாரம் உள்ளே இருந்ததும் அவனுக்குத் தெரியும். விட்டால் காகிதம் செல்லுமா என்று கேட்டேன், செல்லாது என்றான். இருக்கட்டும் என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டேன். அந்த வார்த்தைக்குக் கீழே நான் மனதாரப் போட்ட முதல் கையெழுத்து அது, நீ அதை விட்டுப் போவதற்காகப் போட்டது.

மழையில் சைக்கிளில் போகாதே, பேரனுக்கு வாரம் ஒருமுறை எண்ணெய் வை, வீட்டில் அவனோடு தமிழ் பேசுங்கள். நீயும் மருமகளும் குழந்தையும் நோய்நொடி இல்லாமல் நீண்ட நாள் வாழ வேண்டும், உங்களை எந்தப் பாலத்திலும் யாரும் நிறுத்தி வைக்கக் கூடாது, அதுதான் என் ஆசீர்வாதம். மறக்காமல் ஒன்று செய். மனுவைத் தை மாதத்துக்குப் பிறகு கொடு, பெர்மிட் சித்திரை வரை இருக்கிறதே. பொன்னழகு கல்யாணத்துக்கு இப்போது இருக்கிற இந்தியப் பாஸ்போர்ட்டோடு ஒருமுறை வந்துவிட்டுப் போ. அம்மா சொன்னதாக எழுதலாம் என்று நினைத்தேன். அவள் கேட்கவில்லை, நான்தான் கேட்கிறேன்.

உன் வரவை எதிர்பார்க்கும் ஐயா,
சோ. உடையப்பன்