அப்பா இளைத்த கதை

லோச்கி,
ஞாயிற்றுக்கிழமை.

என் கண்ணே யித்கா,

நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் நல்லபடியாக இருக்கிறீர்கள் என்று நம்பிக்கொண்டு எழுதுகிறேன். இங்கே நாங்களும் சௌக்கியம் என்று வழக்கம்போல ஆரம்பிக்கத்தான் உட்கார்ந்தேன், எழுத வரவில்லை. இதைப் போனில் சொல்லியிருக்கலாமே என்று கோபப்படாதே. நீ கூப்பிட்டால் அப்பா நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு என் பக்கத்திலேயே உட்கார்ந்துவிடுகிறார், நான் வாயைத் திறப்பதற்குள் "இங்க எல்லாம் சூப்பரா இருக்கு, நீ புள்ளையப் பாரு" என்று அவரே சொல்லி வைத்துவிடுகிறார். இப்போது மாத்திரை போட்டுத் தூங்குகிறார், அதனால்தான் பேனாவை எடுத்தேன். நாளைக்குக் காலையில் அவசரத் தபாலில் போட்டுவிடுவேன், இந்த வாரத்திலேயே டப்ளினுக்கு வந்துவிடும் என்று தபால்காரி சொல்கிறாள். உட்கார்ந்துகொண்டு படி.

அப்பாவின் மஞ்சள் விமானம் உனக்குத் தெரியாததல்ல. நீ பள்ளிக்கூடம் முடித்த வருஷம் நம் கொட்டகையில் ஆரம்பித்தார், நீ கல்யாணமாகிப் போய்ப் பிள்ளை பெற்ற பிறகுதான் முடித்தார். இரண்டே சீட். ஒன்று அவருக்கு, ஒன்று எனக்கு. வருஷா வருஷம் காரில் வறுத்த ஷ்னிட்சல் கறி கட்டிக்கொண்டு வியர்த்து வழிந்து குரோவேஷியக் கடலுக்குப் போவோமே, அதே கடலுக்கு நாற்பது லிட்டர் பெட்ரோலில் என்னை ஒரே மூச்சில் பறந்து கூட்டிக்கொண்டு போகிறேன் என்று சொல்லிச் சொல்லியே இத்தனை வருஷத்தை ஓட்டினார். எனக்கு இடுப்பு வலி என்று என் சீட்டுக்கு மெத்தை வைத்து நிஜத் தோலில் தைத்தார். எனக்குக் குளிரும் என்று ஹீட்டர் வைத்தார். ஒரு ரேடியோ போதாதென்று இரண்டு வைத்தார், மூன்று தடவை பெயிண்ட் அடித்தார். இதெல்லாம் எத்தனை கிலோ என்று அந்த மனுஷன் ஒரு நாள்கூட யோசிக்கவில்லை.

போன வருஷம் இலை உதிர்ந்த சமயம் விமான மைதானத்தில் அப்பாவின் கூட்டாளிகள் சேர்ந்து விமானத்தை எடை போட்டார்கள். இங்கே அது ஒரு திருவிழா, உனக்கே தெரியும். மூன்று சக்கரத்துக்கும் அடியில் தராசு வைத்து, ஆளாளுக்கு ஒரு எடை சொல்லி, ரொம்பத் தப்பாகச் சொன்னவன் எல்லோருக்கும் பீர் வாங்க வேண்டும். பக்கத்தில் அடுப்பில் சாசேஜ் வெந்துகொண்டிருந்தது. இந்த மாதிரிச் சின்ன விமானம், ஆள், பெட்ரோல், பெட்டி எல்லாம் சேர்த்து நானூற்று எழுபத்திரண்டரை கிலோவுக்கு மேல் போகக்கூடாது என்பது சட்டம். காலி விமானமே இருநூற்றுத் தொண்ணூற்றெட்டு வந்தது. அப்பா அன்றைக்கு நூற்று நான்கு, நான் அறுபத்தெட்டு. நீயே கூட்டிப் பார், மிச்சம் இரண்டரை கிலோ. மூன்று லிட்டர் பெட்ரோல் ஊற்றலாம். அப்பாவோடு பறக்கிற லுபோஷ் அவரைப் பார்த்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். "யோவ் விளாஸ்தா, மைதானத்தோட கடைசி வரைக்கும் உருட்டிக்கிட்டுப் போயி திரும்பி வரலாம்யா, அதுக்கு மேல போகணும்னா குவேதாவ எறக்கி விட்டுடு" என்றான். எல்லோரும் சிரித்தார்கள், நானும்தான். அப்பா முகம் செத்துப்போனதைப் பார்த்ததும் லுபோஷே தோளில் கை போட்டு, "இதுக்கு ஏன்யா மூஞ்சியத் தொங்கப் போடுற, முப்பது கிலோ கம்மியா எழுதிடு, இங்க எவன் விமானம் எழுதின எடையில பறக்குது" என்றான். சத்தியமாக இங்கே எல்லோரும் செய்வது அதுதான். உன் அப்பாவுக்குத்தான் அது ஆகாதே. "பேப்பரா பறக்கப்போகுது? நானும் அவளும்தான் பறக்கணும்" என்றுவிட்டார். என் சீட்டுத் தோலைப் பிரித்துவிடுங்கள் என்று கெஞ்சினேன். "விமானத்துல கழட்டறதுக்கு ஒண்ணும் இல்ல, கழட்டணும்னா என்னைத்தான் கழட்டணும்" என்றார். அந்த வாயை அன்றைக்கே பொத்தியிருக்க வேண்டும்.

அன்றோடு பீர் இல்லை, மாவுருண்டை இல்லை, குழம்பைக் கண்ணால் பார்ப்பதோடு சரி. சனிக்கிழமை தோறும் அதே தராசில் ஏறி நிற்பார். கூட்டம் சுற்றி நிற்கும். அங்கே யாரும் கிலோ சொல்வதில்லை, இவர் இளைத்த அளவுக்கு எத்தனை லிட்டர் பெட்ரோல் கூட ஏற்றலாம் என்பதுதான் கணக்கு. "விளாஸ்தாவுக்கு இன்னும் ரெண்டு லிட்டர் ஏறிடுச்சுடா" என்று கத்துவார்கள், இவர் கையைத் தூக்கிக்கொண்டு ஒரு சுற்று வருவார். நான் அவர் கால்சட்டையைப் பிடித்துத் தைத்தேன், பெல்ட்டில் ஓட்டை போட்டேன், எனக்கும் பெருமைதான். ஈஸ்டருக்கு மனம் இரங்கி வாத்து வறுத்து மாவுருண்டை போட்டேன், நன்றாகச் சாப்பிட்டார். மறுநாளும் சாப்பிட்டார். அப்படியும் சனிக்கிழமை எடை குறைந்திருந்தது. "வரம் வாங்கிட்டு வந்திருக்கான்யா, தின்னாலும் இளைக்கிறான்" என்று லுபோஷ் பொறாமைப்பட்டான். ஒருத்தருக்காவது உறைத்ததா? முதுகு வலிக்கிறது என்றார், கொட்டகையில் குனிந்து குனிந்து வேலை செய்ததால் என்றோம். எழுபத்தேழு வந்த அன்று, இனி நாற்பது லிட்டரும் ஏற்றலாம் என்று டாங்கியை நிரப்பி, பிளம் சாராயம் ஊற்றிக் குடித்தார்கள். கண் மஞ்சளாக இருந்தது. "விமானத்துக்கு அடிச்ச பெயிண்ட் உன் கண்ணுலயும் பட்டுடுச்சு போல" என்று அதற்கும் ஒருவன் சிரித்தான். ஐயோ, நினைத்தால் எனக்கு வயிறு பற்றி எரிகிறது யித்கா. அத்தனை பேர், அத்தனை கண், ஒரு கிராம் பிசகாமல் எடை பார்க்கத் தெரிந்த ஜனங்கள்!

கடலுக்குக் கிளம்பும் முன் விமானம் ஓட்டும் சான்றைப் புதுப்பிக்க டாக்டரிடம் போனோம். எவ்வளவு இளைத்திருக்கிறேன் பாருங்கள் என்று இவர் பீற்றிக்கொள்கிறார், அந்த அம்மாள் சிரிக்கவில்லை. அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டார். கணையத்தில் புற்று, கல்லீரலுக்கும் போய்விட்டது, அறுத்து எடுக்க வழியில்லை. நீ கிறிஸ்துமஸுக்கு வருகிறாய் என்று சொன்னேன். "அதுவரைக்கும் இருப்பார்னு என்னால வாக்குக் கொடுக்க முடியாதும்மா" என்று பெரிய டாக்டர் சொல்லிவிட்டார். எழுதிவிட்டேன். இதை எழுதத்தான் இவ்வளவு சுற்றினேன்.

இப்போது அறுபத்தாறு கிலோ. நேற்றுத் தோட்டத்தில் உட்கார்ந்துகொண்டு, "குவேதா, இப்போ டாங்கி நிறைய ஊத்தி, உன்னையும் ஏத்தி, ரெண்டு பெட்டியும் வைக்கலாம், கணக்கு அட்டகாசமா வருது" என்கிறார். வந்து என்ன? இவர் இனி ஓட்டக்கூடாது. லுபோஷ் வந்து அழுதான், "நான் ஓட்டறேன், நீ பக்கத்துல உக்காரு, ஒரே ஒரு சுத்து" என்று கையைப் பிடித்துக் கெஞ்சினான். "அது குவேதா சீட்டுய்யா" என்று சொல்லிவிட்டார். சரி, நான் லுபோஷோடு போகவா? கீழே இவரை நிற்க வைத்துவிட்டா? இனி அந்த இரண்டு சீட்டில் நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து உட்காரப்போவதில்லை. எனக்கு எந்த நம்பிக்கையும் இல்லை, இருப்பதுபோல் உனக்கு எழுதவும் என்னால் முடியவில்லை. கொட்டகைப் பக்கமே போகப் பிடிக்கவில்லை.

கிறிஸ்துமஸ் டிக்கெட்டை ரத்து செய்துவிட்டு உடனே கிளம்பி வா. மாப்பிள்ளைக்கு லீவு கிடைக்காவிட்டால் குழந்தையை மட்டும் தூக்கிக்கொண்டு வா. அவனுக்குத் தடிமனான சாக்ஸ் எடுத்துக்கொள், இங்கே காலையில் இப்போதே குளிர்கிறது. அப்பாவுக்குச் சட்டை எதுவும் வாங்காதே, எந்த அளவும் நிற்கவில்லை. பிளம் எல்லாம் பழுத்துக் கீழே கொட்டுகிறது, பொறுக்கத் தெம்பில்லை. நீ வந்தால் ஜாம் போடலாம். உங்கள் மூன்று பேரையும் ஆண்டவர் நோய்நொடி இல்லாமல் வைத்திருக்கட்டும், அதையாவது அவர் செய்யட்டும்.

ஒன்று மட்டும் மறந்துவிடாதே. உள்ளே வந்ததும் அப்பாவைப் பார்த்து இளைத்துவிட்டீர்கள் என்று சொல்லாதே என்று எழுதத்தான் நினைத்தேன். ஆனால் முந்தாநாள் அவர் என்ன சொன்னார் தெரியுமா, "மொதல்ல போன பதினஞ்சு கிலோ நானாக் கொறச்சது குவேதா, மிச்சம்தான் அது தின்னது, யித்காகிட்ட சரியாச் சொல்லு" என்றார். அதனால் சொல்லிவிடு. "அப்பா, எப்படி இளைச்சுட்டீங்க!" என்று அசந்துபோன மாதிரி சிரித்துக்கொண்டே சொல்லிவிடு. பிறகு சமையலறைக்கு வா, நான் கதவைச் சாத்திக்கொள்கிறேன்.

உன் வரவை எதிர்பார்த்திருக்கும்,
அம்மா குவேதா