கைநாட்டு

ஆடி 4, திங்கள்

விடாத மழை. முற்றத்தில் கணுக்கால் தண்ணீர். காலையில் கோர்ட்டுச் சேவகன் சம்மன் கொடுத்துப் போனான். பத்து நாளுக்குள் அட்டர்னி வைத்து ஆஜராகாவிட்டால் அடமானம் மூழ்கி, இந்த தர்மதலா வீடு கடன்காரருக்கே போய்விடும். என் நகையை விற்று என் பேரில் வாங்கிய வீடு.

இவருக்கு வாசித்துக் காட்டினேன். பக்கவாதம் வந்த வாய், "ம்… ம்…" தவிர ஒன்றும் வரவில்லை. தன் தம்பியின் ரங்கூன் அரிசி வியாபாரத்துக்கு என்று அடமானம் வைக்கச் சொன்னதே இவர்தான். இப்போது அலைய வேண்டியது நான்.

வாங்க: சுக்கு, விளக்குத் திரி. கமலாவுக்கு ரவிக்கைத் துணி (இப்போது வேண்டாம்).

ஆடி 5, செவ்வாய்

செவ்வாயில் நல்ல காரியத்துக்குப் புறப்படக் கூடாது. நாள் பார்த்தால் வீடு போய்விடும். குதிரை வண்டியில் ஹைகோர்ட்டுப் பக்கம். தெரு முழுக்க அட்டர்னி பலகைகள். முதல் ஆபீஸில் மிஷன் பள்ளியில் படித்த இங்கிலீஷ் அத்தனையையும் எடுத்துவிட்டேன், ஏமாற்ற மாட்டார்கள் என்று. அட்டர்னி நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. வீட்டு ஆண்பிள்ளையை அனுப்பச் சொல் என்று குமாஸ்தாவிடம் சொன்னார். வண்டியில் வரும்போது அழுதேன். பாதி கோபம், பாதி பயம்.

ஆடி 7, வியாழன்

பக்கத்து வீட்டு வங்காளி அண்ணி, பௌதி என்று கூப்பிடுவேன், தன் தகப்பனாரின் அட்டர்னியிடம் அழைத்துப் போனாள். கிழவர், பொறுமைசாலி. பணம் திருப்ப வழி உண்டா என்றார். இல்லை. அப்படியானால் ஒரே வழிதானாம். வெளியார் முன் வராமல் பர்தாவுக்குள் இருக்கும் பெண்ணிடம் விளக்கிச் சொல்லாமல் வாங்கிய கையெழுத்து இந்த ஊர்க் கோர்ட்டில் நிற்காது. நான் பர்தாவில் இருப்பவள், எழுத்தறியாதவள், புருஷன் கையைப் பிடித்து எழுதவைத்தார் என்று சத்தியம் செய்ய வேண்டும்.

பர்தாவா! கடைக்கு நானே போகிறவள். அந்த அடமானப் பத்திரத்தை இவருக்கு வரிவரியாக வாசித்து அர்த்தம் சொன்னவளே நான். அதையும் சொல்லித் தொலைத்தேன், இங்கிலீஷில். பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

"இப்படி வேறு யாரிடமாவது பேசினீர்களா?"

முதல் ஆபீஸைச் சொன்னேன். முகம் சுருங்கியது.

"இனி பேசாதீர்கள். உங்கள் கையால் எழுதிய காகிதம் வீட்டில் ஏதாவது இருக்கிறதா?"

இல்லை என்றேன். கூசாமல் வந்தது பொய்.

ஆடி 8, வெள்ளி

வாசல் பக்கம் போகவில்லை. கடைக்குக் கமலாதான் போனாள். அம்மா எங்கே என்று கீரைக்காரி கேட்டாளாம். பொய்ச் சத்தியத்துக்கு ஜெயில் உண்டு என்று பௌதி சொல்கிறாள். பயமாக இருக்கிறது. ஆனால் வீடு போனால் இவரைக் கட்டிலோடு எந்தத் தெருவில் கொண்டுபோய் வைப்பேன்? கமலாவுக்குப் பதினொரு வயது.

ரசம் பொங்கி வழிந்தது. உப்பு போட மறந்தேன்.

ஆடி 11, திங்கள்

மேற்படி அட்டர்னியின் குமாஸ்தா வந்தான், அவரை அமர்த்தும் காகிதத்தோடும் மசியோடும். கதவுக்குப் பின்னால் நின்று கையை மட்டும் நீட்டி, கட்டைவிரலைப் பதித்தேன். நன்றாக விழுந்திருக்கிறது என்று வங்காளியில் மெச்சினான்.

"ஏம்மா, நோக்குத்தான் கையெழுத்துப் போடத் தெரியுமே?" என்றாள் கமலா. நல்லவேளை, அவனுக்குத் தமிழ் தெரியாது. நறுக்கென்று கிள்ளினேன். இவர் என் விரலைப் பார்த்தார். சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

ஆடி 12, செவ்வாய்

கோர்ட்டு கமிஷனர் வீட்டுக்கே வந்து, கதவுக்கு அந்தப்புறமிருந்து என்னைக் கேள்வி கேட்பாராம். எந்த நாள் என்று தெரியாது. கடன்காரர் தரப்பு ஆளும் கூட வருவானாம்.

ஒன்பது வருஷமாக நான் எழுதிய நாட்குறிப்பு நோட்டுகள். ஒவ்வொன்றாக அடுப்பில். மூன்றாவதில் என் பிள்ளை ராமு. இரண்டு வயதில் போனவன். போட்டோ கிடையாது. ட்ராமுக்கு அவன் வைத்த பேர், சோறு வேண்டாம் என்பதற்கு அவன் சொல்லும் வார்த்தை, எல்லாம் அந்த நாலு பக்கத்தில்தான். அதை மட்டும் கிழித்து ஒளித்து வைக்கலாமா என்று பார்த்தேன். அதுவும் என் கையெழுத்துத்தானே. கமலாவை வாசித்துக் காட்டச் சொல்லி ஒரு தடவை கேட்டேன். போட்டுவிட்டேன்.

வீடு நிற்குமோ என்னவோ, தெரியவில்லை. மிச்சம் எழுதிக்கொண்டிருக்கும் இந்த நோட்டு ஒன்றுதான். அடுப்புப் பக்கத்தில் கமலா கையை நீட்டிக்கொண்டு நிற்கிறாள்.