அதிகாரம் இல்லாத வசனம்

அண்ணா,

கைபேசியின் தேடல் கட்டத்தில் உன் வாக்கியம் இன்னும் கிடக்கிறது. அழிக்க மனம் வரவில்லை.

போன மாதம் உன் மனைவி, என் மைனி, அழைத்தாள். "அவரு எப்பவும் சொல்லுவாருல்லா, இடம் விடுற வசனம். அது எந்த அதிகாரம்னு பாத்துச் சொல்லு தம்பி. கல்லறைக் கல்லு வெட்டுறவரு கேக்காரு."

'இடம் விடுகிறவனுக்குக் கர்த்தர் இடம் உண்டாக்குவார்.' வடசேரியில் பேருந்து ஏறியதும் ஜன்னலோரத்திலிருந்து என்னை எழுப்பிவிட்டுச் சிரித்துக்கொண்டே சொல்வாய். சபைப் பள்ளியில் ஒரே ஓர் ஆசிரியர் இடம் காலியானபோது சிரிக்காமல் சொன்னாய். இருவரும் விண்ணப்பித்திருந்தோம். மதிப்பெண் எனக்குத்தான் அதிகம்.

"வேதத்துல அப்படியா இருக்கு?"

"உண்டுல மக்கா. தேடிப் பாரு."

ஞாயிறு பள்ளி நடத்துகிறவன் நீ. அப்பாவும் தலையாட்டினார். விண்ணப்பத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டேன்.

தேடவும் செய்தேன். 'இடம்' என்ற சொல் வரும் வசனங்களையெல்லாம் புரட்டினேன். இவ்வளவு பெரிய புத்தகத்தில் வேறு சொற்களில் எங்கோ இருக்கும் என்று அடங்கிப்போனேன். போதகரிடம் கேட்டிருக்கலாம். கேட்டால் அண்ணனை நம்பாதவன் என்று ஊர் சொல்லும். மார்த்தாண்டத்தில் டியூட்டோரியலில் பாடம் நடத்தியே எனக்கு நரைத்தது. நீ தலைமையாசிரியராக ஓய்வு பெற்றாய். அந்த விழாவுக்கு நான் வரவில்லை.

இப்போது வேதாகமச் செயலியில் ஏஐ தேடல் இருக்கிறது. சொல் நினைவில்லாவிட்டாலும் பொருளைச் சொன்னால் போதும், வசனத்தை எடுத்துத் தரும். உன் வாக்கியத்தைத் தட்டினேன். அப்படி ஒரு வசனம் இல்லை என்றது. அண்ணன், தம்பி என்று சேர்த்துக் கேட்டேன். இளையவன் மூத்தவனை முந்திய கதைகளாகக் கொண்டுவந்து போட்டது. அதையும் நம்பாமல், காட்டிய பகுதிகளை ஒவ்வொன்றாகத் திறந்து வாசித்தேன். எங்கேயும் இல்லை.

"ஏஐ வச்சும் தேடிப் பாத்துட்டேன், அப்படி ஒண்ணு வேதத்துல இல்ல மைனி."

"மிஷினுக்கு என்ன தெரியும்? அவரு சும்மா சொல்லுவாரா?" பிறகு குரல் இறங்கியது. "இல்லேன்னா வேற ஒண்ணு எடுத்துத் தா. ஆருகிட்டயும் சொல்லாண்டாம், கேட்டியா?"

கல்லறைக்குப் பொருத்தமானவற்றைச் செயலியே தரும். நான் கேட்கவில்லை. "அண்ணன் சொன்னதையே வெட்டட்டும். அடியில அதிகாரம் போடாண்டாம்" என்றேன். மைனி அழுதாள். இரக்கம் என்று எடுத்துக்கொண்டாள் போல. இரக்கம் இல்லை அண்ணா. வேதம் தெரிந்தவர்கள் அங்கே நின்று, இது எங்கே வருகிறது என்று ஒரு நிமிடமாவது யோசிக்கட்டும். பதில் சொல்ல நீ இல்லாமல் யோசிக்கட்டும்.

போய்ப் பார்த்தேன். அளவெடுத்தபோதே அதிகாரத்துக்கென்று விட்டிருந்த இடம், வாக்கியத்துக்குக் கீழே விரலகலத்துக்கு வெறுமையாக இருக்கிறது. நான் நினைத்த திருப்தி வரவில்லை.

திரும்பும்போது பேருந்தில் ஜன்னலோரம் கிடைத்தது. அடுத்த நிறுத்தத்தில் உன் வயதுக்காரர் ஒருவர் ஏறி என் அருகில் வந்து நின்றார். ஒன்றும் கேட்கவில்லை. வெளியே பார்த்துக்கொண்டிருக்கலாம் என்றுதான் நினைத்தேன். அதற்குள் எழுந்து நின்றிருந்தேன்.