கட்டி வைத்த இடது பட்டன்

மச்சான்,

இன்று காலை என் வீட்டுக்காரி ஒரு கிலோ கேரட்டை முறத்தில் கொட்டி, நறுக்கித் தரச் சொன்னாள். ஒன்றைப் பலகையில் வைத்துக் கத்தியை இறக்கினேன். 'டக்'. அவ்வளவுதான், அதற்கு மேல் கை ஓடவில்லை. "ஊரையே ஆண்டேன்னு பேசுவியே, ஒரு கேரட்டு நறுக்கத் தெர்லயா?" என்று அவள் கத்தியைப் பிடுங்கிக்கொண்டாள். வாசலில் வந்து உட்கார்ந்து உனக்கு இதை எழுதுகிறேன். நீ போய் எட்டு மாதம் ஆகிறது. நான் எட்டாவதோடு நின்றவன். எழுத்துப் பிழை இருந்தால் பொறுத்துக்கொள். பொய் இருந்தால் பொறுக்காதே.

கேரட் என்றதும் உனக்கு நினைவு வந்திருக்கும். காலேஜ் பிள்ளைகள் பிரஸ் மெஷினுக்குள் விரலுக்குப் பதிலாக வைத்துச் சோதித்தார்களே, அந்தக் கேரட். மண்ணூர்பேட்டையில் நம் கம்பெனிதான் அவர்களுக்கு ஸ்பான்சர். தகட்டை வைத்தால் மேலிருந்து அச்சு இறங்கி வெட்டுகிற மெஷின். அதில் இனி யார் விரலும் போகக்கூடாது, அதற்கு ஒரு கருவி செய்து கொடுங்கள் என்று மேனேஜர் கேட்டிருந்தார். நூறு பேர் வந்தார்கள் என்று ஊரில் சொல்லி வைத்திருக்கிறேன். வந்தது நாலு பேர். மெக்கானிக்கல் படிக்கிற ஒருவன், எலக்ட்ரானிக்ஸ் படிக்கிற ஒருவன், பொருள்களுக்கு வடிவம் போடப் படிக்கிற ஒரு பெண், மனசைப் பற்றிப் படிக்கிற இன்னொரு பெண். மனசுக்கும் மெஷினுக்கும் என்ன சம்பந்தம் என்று நான் சிரித்தேன். சரியான கேள்வியைக் கேட்டவள் அவள்தான்.

"இங்க யாருக்காவது அடிபட்டிருக்கா அங்கிள்? எப்படி நடந்துச்சு?"

உன்னிடம் கேட்க வேண்டிய கேள்வி. இடது கையில் இரண்டு விரல் போய், பிரஸ்ஸிலிருந்து பேக்கிங்குக்கு மாற்றப்பட்டவன் நீ. நீ வாயைத் திறப்பதற்குள் நான் முந்திக்கொண்டேன். மெஷின் தானாக இரண்டாவது தடவை இறங்கியது என்றேன். புகை வந்தது என்றேன். நான் பாய்ந்து மெயினை அணைத்து, உன்னைத் தோளில் தூக்கிக்கொண்டு எஸ்டேட் ரோட்டில் ஓடினேன் என்றேன். அவள் எழுதிக்கொண்டே வந்தாள். நீ அட்டைப்பெட்டிக்கு டேப் ஒட்டியபடி, "இன்னா மாமே, போன வாட்டி ஆட்டோல இட்டுகினு போனேன்னு சொன்ன, இந்த வாட்டி தோள்லயா?" என்றாய். எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான்.

நடந்தது வேறு. இரண்டு கையாலும் இரண்டு பட்டனை அழுத்தினால்தான் அந்த மெஷின் இறங்கும். கை உள்ளே இருக்கக்கூடாது என்பதற்காகவே அப்படி. நான் இடது பட்டனை அழுத்தியபடியே நிற்கும்படி கம்பியால் கட்டி வைத்துவிட்டு, ஒரு கையால் தகடு போட்டு, மறு கையால் ஓட்டினேன். ஷிப்டில் அதிகத் தகடு அடித்தவன் என்று போர்டில் என் பேர் இருக்க வேண்டும், அதற்காக. வேலை முடிந்து போகும்போது அவிழ்க்க மறந்தேன். அடுத்து உட்கார்ந்தவன் நீ. தகடு கோணலாக இருக்கிறதென்று இடது கையால் சரிசெய்தாய். வலது கை பட்டனில் பட்டுவிட்டது. உன் அலறலைக் கேட்டு சைக்கிள் ஸ்டாண்டிலிருந்து ஓடி வந்தேன். முதலில் உன்னைத் தூக்கவில்லை, மச்சான். முதலில் கம்பியை அவிழ்த்துப் பைக்குள் போட்டேன். நீ அதைப் பார்த்துக்கொண்டிருந்தாய். உன் பேரில் 'கவனக்குறைவு' என்று எழுதினார்கள்.

பிள்ளைகள் என் கதையை நம்பி ஆறு மாதம் உழைத்தார்கள். அச்சு இரண்டாம் முறை தானாக இறங்க வந்தால் பிடித்து நிறுத்துகிற ஒரு டப்பா செய்தார்கள். சோதனையன்று வேண்டுமென்றே அச்சை இரண்டாம் முறை இறங்கவிட்டார்கள். டப்பா இல்லாமல் ஒரு கேரட்: 'டக்', இரண்டு துண்டு. டப்பாவோடு இன்னொன்று: முழுசாக வெளியே வந்தது. மேனேஜர் கைதட்டினார். எலக்ட்ரானிக்ஸ் பையன் அந்த முழுக் கேரட்டை உன்னிடம் கொடுத்து, "உங்களுக்காகத்தான் அண்ணா செஞ்சோம்" என்றான். நீ வாங்கிக்கொண்டாய். கடிக்கவில்லை.

அன்று அம்பத்தூரில் ரயில் ஏறினோம். அண்ணனூர் வந்ததும் சொன்னாய்: "நாளைக்கி ஒர்த்தன் கம்பி கட்டுவான். அந்த டப்பா இன்னா பண்ணும்? சும்மா பாத்துகினு நிக்கும்."

"அடுத்த வாரம் சொல்லிடறேன் மச்சான்."

"சொல்லு. நான் சொன்னா உன்ன காட்டிக் குடுத்தா மாரி ஆயிடும்."

அடுத்த வாரம் நான் சொல்லவில்லை. அதற்கடுத்த வாரம் உனக்கு நெஞ்சுவலி வந்தது. பட்டாபிராமில் உன் வீட்டு வாசலுக்கு அந்த நாலு பிள்ளைகளும் மாலையோடு வந்து நின்றார்கள். அப்போதும் அவர்களிடம் நான், தோளில் தூக்கிக்கொண்டு ஓடிய கதையைத்தான் சொன்னேன். நீ உள்ளே கிடக்கும்போது.

காரியம் முடிந்த மறுநாள், அன்று கேள்வி கேட்ட பெண்ணையும் எலக்ட்ரானிக்ஸ் பையனையும் எஸ்டேட் டீக்கடைக்கு வரச் சொன்னேன். "யாருக்கும் வராத தைரியத்தோட ஒரு விஷயம் சொல்லப் போறேம்மா" என்று ஆரம்பித்தேன். அவள் என்னைப் பார்த்து, "அங்கிள், நடந்ததை மட்டும் சொல்லுங்க" என்றாள். சொன்னேன். நான் சொன்னதிலேயே மிகச் சின்னக் கதை. டீ ஆறுவதற்குள் முடிந்துவிட்டது. அவள் திட்டவில்லை. நோட்டின் பழைய பக்கங்களைப் புரட்டி, நான் சொன்னதையெல்லாம் ஒவ்வொன்றாகக் கோடு போட்டு அடித்துக்கொண்டே போனாள். எத்தனை பக்கம்! பையன்தான் கேட்டான். "மொதல்லயே சொல்லியிருந்தா, அவரு இருக்கும்போதே முடிச்சிருப்போமே அங்கிள்."

முடித்துவிட்டார்கள். இப்போது இரண்டு பட்டனையும் ஒரே நேரத்தில் அழுத்தி, இரண்டையும் விட்டால்தான் அடுத்த தடவை இறங்கும். ஒன்றைக் கட்டி வைத்தால் மெஷின் அசையாது. நானே கட்டிப் பார்த்தேன். கம்பி கட்டுவதில் என்னை விட்டால் ஆள் இல்லை என்று மேனேஜர் முன்னாலேயே சொன்னேன். யாரும் சிரிக்கவில்லை. உன் பேரில் இருக்கிற அந்த வார்த்தையை அடித்துவிட்டு என் பேரில் எழுதச் சொல்லிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறேன்.

அதன் பிறகுதான் உன் மனைவியிடம் போனேன். பாதி சொல்வதற்குள் தங்கச்சி நிறுத்தினாள்.

"தெரியும்ணே. வெரல் போன அன்னிக்கி ஆஸ்பத்திரில கண்ணு முழிச்சதுமே சொல்ட்டாரு. அவனா ஒரு நாளு வந்து சொல்லுவான், நீயா கேக்காதேன்னாரு."

எத்தனை பொங்கலுக்கு உன் வீட்டில் உட்கார்ந்து அந்தக் கதையைச் சொல்லியிருப்பேன், மச்சான்! கையை அகல விரித்து, மெஷின் மாதிரி சத்தம் போட்டு, ஒவ்வொரு வருஷமும் புகையைக் கூட்டிக் கூட்டி. உன் பிள்ளைகள் வாய் பிளந்து கேட்பார்கள். தங்கச்சி என் இலையில் இன்னொரு வடை வைப்பாள். நீ மட்டும் இடது கையைத் துண்டால் மூடிக்கொள்வாய். கூச்சப்படுகிறாய் என்று நினைத்தேன். "மறைக்காதடா, எல்லாரும் பாக்கட்டும்" என்று ஒரு வருஷம் அந்தத் துண்டைப் பிடித்து இழுத்தும் விட்டேன். கதை முடியும்வரை அந்தக் கை என் கண்ணில் படக்கூடாது என்றுதான் நீ மூடியிருக்கிறாய்.

துண்டை இழுத்த கை இது. இதை வைத்துக்கொண்டுதான் சாப்பிடுகிறேன். இதை வைத்துக்கொண்டுதான் உனக்கு எழுதுகிறேன்.