சீட்டை இழுத்துட்டான்

மருமகளே,

திட்டாம படி. உன் புருஷனோட ஸ்போர்ட்ஸ் காருக்கு, பழைய கார் விலைப்புத்தகத்துல முப்பது லட்சம் போட்டிருக்கு. கம்மியா ஓடின வண்டின்னா இன்னும் கூடவாம்.

நேத்து வந்த புரோக்கர் சிரிச்சான். "பெருசு, புத்தகமா காசு கொடுக்கப் போவுது? உங்க பையன் இறந்ததுலேர்ந்து நின்ன வண்டி. உள்ள ரப்பரெல்லாம் காஞ்சிருக்கும். இருபதுதான்."

"நானும்தான் காஞ்சு கிடக்கேன், என்னை எவ்வளவுக்கு எடுப்பே?"

"சும்மா கொடுத்தாலும் வேணாம்."

சரி, நீ விக்கச் சொன்னியேன்னு சாவியைக் கொடுத்தேன். உக்காந்தவன், கால் எட்டலைன்னு சீட்டை முன்னாடி இழுத்தான். நம்ம நெட்டையன் தன் காலுக்குத் தோதா வச்சிருந்த இடம். இறங்குடான்னு விரட்டிட்டேன்.

அப்புறம் சீட்டைப் பின்னாடி தள்ளித் தள்ளிப் பார்த்தேன். எந்த இடம்னு தெரியலை. அழுகையும் வரலை.

அந்தப் புரோக்கரையே திரும்பக் கூப்பிடு. இருபதுக்கே கொடுத்துடலாம்.

உன் மாமனார்க் கிழம்