நீலக் கதவுக்கு எந்த நீலம்

26.4, ஞாயிறு

காலையிலிருந்தே வெயில். சர்ச்சில் பூசை முடிந்து வந்ததும் பொம்மைத் தெருவுக்கு முதல் கோட். கறுப்பு அடித்தது தப்பு. தார் ரோடு கறுப்பாக இருப்பது போட்ட புதிதில்தான். பிறகு சாம்பல், அதற்குமேல் மண். சிப்காட் பக்கம் லாரி ஓடுகிற ரோட்டைப் போய்ப் பார்த்துவிட்டு வந்து மறுபடி கலந்தேன். வெள்ளை நிறைய, கறுப்பு கொஞ்சம், காவி ஒரு துளி. ஓரத்தில் சலித்த மண். இப்போது ரோடு மாதிரி இருக்கிறது.

வாங்க: மெல்லிய பிரஷ், ஃபெவிகால், பெயிண்டில் கலக்க நீல ஸ்டெயினர். கேஸ் புக் பண்ண.

கிறிஸ்துமஸ் குடில் செய்து பழகிய கை. ராணுவத் தெரு இதுதான் முதல். கேட்டவர் எங்கள் கம்பெனி கேட் செக்யூரிட்டி குமரேசன் அண்ணன், ரிட்டையர்டு மிலிட்டரி. கேன்டீனில் நான் வைத்த குடிலைப் பார்த்ததிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தார். "வடக்க ஒரு மலை ஊருமா. ஒரே ஒரு தெரு. ரெண்டு ஜவான், ஒரு வண்டி. பொம்ம எப்டி இருந்தாலும் சரி, கலரு மட்டும் கரெக்டா வரணும். நீதான் ஷேடு பாக்குற பொண்ணாச்சே."

பவுடர் கோட்டிங் லைனில், அடித்து வருகிற கலர் சரியா என்று ஒப்பிட, நாள் முழுக்க ஷேடு கார்டோடு நிற்கிறவள்தான். ஆனால் அங்கே கார்டு இருக்கிறது. இங்கே அவர் ஞாபகம் மட்டும்.

28.4, செவ்வாய்

காற்றே இல்லை. ரோலிங் மில் பக்கமிருந்து இரும்பு வாடை.

ஷிஃப்ட் முடிந்து குமரேசன் அண்ணன் என் வீட்டுக்கு வந்தார். நாஷ்டா வேண்டாம் என்றார். டீ மட்டும். சுவரைப் பார்த்ததும், "இவ்ளோ மஞ்சா இல்லம்மா. மண்ணுல சுண்ணாம்பு அடிச்ச செவுரு. கீழ மட்டும் சேறு தெறிச்சிருக்கும்." திருத்தினேன். கடை ஷட்டர்கள்: பச்சை, வெளுத்த பச்சை, துரு. எல்லாம் டக் டக்கென்று சொல்கிறார். தகரச் சாய்ப்பு எவ்வளவு நீளம், அதன் நிழல் எதுவரை.

"எந்நேரத்து வெயில் அண்ணா?"

"நாலு மணி. எடது கையாண்டேந்து."

யோசிக்கவே இல்லை. அந்தத் தெருவில் என்ன நடந்தது என்று கேட்டேன். டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "கதவு நீலம்" என்றார். "ரெட்டக் கதவு. நல்ல நீலம்." அதோடு எழுந்துவிட்டார்.

தம்பி ஜான் வந்து பார்த்துவிட்டு, "தெரு சூப்பரா கீது. ஆனா ஆளே இல்லாத தெரு பாத்தா ஒரு மாதிரி இருக்குது" என்றான்.

29.4, புதன்

கேட்டில் லாரி ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தது. போய்ப் பார்த்தால் அண்ணன் கேட் கம்பியைப் பிடித்தபடி எதிர்த் தெருவைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார். டிரைவர் இறங்கி வந்து திட்டிய பிறகுதான் திறந்தார். என்னைப் பார்த்தார். தெரிந்த மாதிரியே இல்லை.

தலைவலி. மாத்திரை போட்டேன். நீல ஸ்டெயினர் கிடைத்துவிட்டது.

1.5, வெள்ளி

லீவு. துணி ஊற வைத்திருந்தேன். தேவகி அக்கா வந்தார், குமரேசன் அண்ணன் மனைவி. கவரைப்பேட்டையிலிருந்து தனியாக. செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே நின்றார். உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்தேன். தெருவைப் பார்த்ததும் முந்தானையால் வாயை மூடிக்கொண்டார்.

"இதானா அது?"

என்ன அக்கா என்றேன்.

"நீ இத ஆரம்பிச்சதுலேந்து மனுசன் சரியில்லம்மா. சோறு உள்ள எறங்கல. கூப்டா காதுல உழல. முன்னாடி பேங்க் வண்டிக்கு கன்மேனா போய்க்கினு இருந்தாரு இல்ல, அந்தத் துப்பாக்கி லைசென்சோட எங்க ஊட்லதான். எலெக்ஷனுக்குன்னு எல்லாரையும் ஸ்டேஷன்ல ஒப்படைக்கச் சொன்னாங்க. குடுத்துட்டாரு. இப்ப அது மாட்டுற ஆணி சொம்மாதான் கீது. டெய்லி அந்த ஆணியத் தொடைக்கிறாரு."

ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு, துப்பாக்கி எப்போது திரும்ப வரும் என்று கேட்டேன்.

"ஓட்டு எண்ணி முடிஞ்சதும் திருப்பிக் குடுத்துடுவாங்க. அதுக்குள்ள இத முடிச்சிக் குடு. இல்ல, முடிக்கவே முடிக்காத. எது நல்லதுன்னு எனக்குத் தெரியல."

எனக்கும் தெரியவில்லை. துணியை அப்புறம் அலசினேன். சோப்பு நாற்றம் பிடித்துவிட்டது.

3.5, ஞாயிறு

பூசைக்குப் போகவில்லை. அண்ணனை வரச் சொன்னேன். கேட்டுவிடுவது என்று முடிவு. கதவைத் தவிர எல்லாம் அடித்தாகிவிட்டது, கதவின் கதை தெரியாமல் பிரஷ் எடுக்க மாட்டேன் என்றேன்.

சாலையின் மண்ணை ஒரு விரலால் தொட்டுப் பார்த்தார். பிறகு சொன்னார், டியூட்டி ரிப்போர்ட் சொல்கிற குரலில்.

முந்தின நாள் அந்தத் தெருவில் துப்பாக்கிச் சூடு. அன்றைக்கு எல்லாக் கடையும் மூடியிருக்க வேண்டும் என்று உத்தரவு. இவரும் கூட்டாளி ஒருவரும் ரோந்து. "ஒரு கதவு தொறந்து கெடந்துச்சு. உள்ள இருட்டு. இருட்டுல ஒரு கை அசைஞ்சுது. நான் சுட்டேன்."

பிறகு பக்கத்தில் போய்ப் பார்த்தால் கதவு மூடித்தான் இருந்தது. பலகையில் ஓட்டை. உள்ளே ஒரு தையல்காரர், மெஷினுக்கும் சுவருக்கும் நடுவில்.

"விசாரணைல தப்பு இல்லன்னு எழுதிட்டாங்கம்மா. ஆனா கூட இருந்தவன் என்னயப் பாத்து, மூடித்தானடா இருந்துச்சுன்னான். ஒரே வாட்டிதான் சொன்னான். தொறந்து இருந்தத நான் பாத்தேன். என் கண்ணால பாத்தேன். அந்த நீலம் அந்த நெழலுல இருட்டு மாதிரி தெரியுமா, தெரியாதா? அத மட்டும் நீ சொல்லு."

தண்ணீர் கொடுத்தேன். குடிக்கவில்லை.

6.5, புதன்

புழுக்கம். மழை வருகிற மாதிரி இருந்தது, வரவில்லை.

இரண்டு நீலம் கலந்து இரண்டு பலகைத் துண்டில் அடித்தேன். டேபிள் லேம்ப்பை இடது பக்கம் சாய்த்து, சாய்ப்புக்குக் கீழே ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தேன்.

அண்ணன் சொன்ன நல்ல நீலம் அப்படியே: நிழலில் கறுப்பு. பக்கத்துச் சுவர் வெளுப்பாக இருப்பதால் இன்னும் கறுப்பு. கதவே இல்லாத மாதிரி, உள்ளே அறை இருக்கிற மாதிரி.

வெள்ளை கொஞ்சம் சேர்த்தது: நிழலிலும் நீலம். மூடிய கதவு. சந்தேகமே இல்லை.

சின்ன அளவில் செய்யும்போது எந்தக் கலரிலும் வெள்ளை சேர்க்க வேண்டும், இல்லாவிட்டால் கண்ணுக்குப் பொய்யாகத் தெரியும். குடிலிலும் அப்படித்தான் செய்வேன், இந்தத் தெருவில் சுவர், ஷட்டர் எல்லாவற்றிலும் அப்படித்தான் செய்திருக்கிறேன். எவ்வளவு வெள்ளை என்பது மட்டும் என் கையில். கார்டு கிடையாது.

ஜானிடம் சொன்னேன். "இதுல இன்னா யோசனை? கறுப்பாத் தெரியறத அடிச்சு உடு. மனுசன் நிம்மதியாப் போவட்டும். செத்தவரு எழுந்து வந்து கலர் செக் பண்ணப் போறாரா?"

அவன் சொன்னது நியாயம்தான். அவன் சொன்ன விதம் பிடிக்கவில்லை. வெள்ளை சேர்க்காததை அடித்தேன். இரண்டு கதவுக்கும்.

8.5, வெள்ளி

தேவகி அக்கா போன். ஸ்டேஷனிலிருந்து சொல்லிவிட்டார்களாம், செவ்வாய்க்கிழமை வந்து துப்பாக்கியை எடுத்துக்கொள்ளலாம். அண்ணன் சட்டையை இப்போதே இஸ்திரி போட்டு வைத்துவிட்டாராம்.

லைனில் இன்று ஒரு லாட் முழுக்க ஷேடு தப்பாக பாஸ் பண்ணிவிட்டேன்.

10.5, ஞாயிறு

இருவரும் வந்தார்கள், மாலை. ஜன்னலை மூடி லேம்ப் போட்டேன். அண்ணன் முட்டி போட்டு, ஜவான் பொம்மையின் உயரத்துக்குக் கண்ணைக் கொண்டுவந்தார். ஒரு கண்ணை மூடிக்கொண்டார்.

"தொறந்து கீது" என்றார்.

தேவகி அக்கா சுவரில் சாய்ந்து அழுதார். முடிந்தது என்று நினைத்தேன்.

அவர் எழுந்திருக்கவில்லை. பக்கத்துக் கடையின் ஷட்டரைத் தொட்டார். சுவரைத் தொட்டார். "இதுலல்லாம் வெளுப்பு ஏத்தியிருக்க. தூரத்துலேந்து பாக்குற மாதிரி. கதவுல ஏத்தலியே?"

பிரஷ்ஷைத் துணியில் துடைத்தேன்.

"ஏம்மா?"

"உங்களுக்கு எது நல்லதோ அத அடிச்சேன் அண்ணா."

"நான் நல்லது கேக்கல. கலரு கேட்டேன்."

வெள்ளை சேர்த்துக் கலந்தேன். அவர் நிறுத்தினார். "ரெண்டும் வேணா. வலது கதவு மட்டும்." அடித்தேன். காய்வதற்குள் மறுபடி குனிந்தார். லேம்ப் வெளிச்சத்தில் ஒரு கதவு திறந்து, ஒரு கதவு மூடி.

"நான் பாத்தது இது" என்று இடதைக் காட்டினார். "அவன் பாத்தது அது." பிறகு, "ஒரே கதவு. ஒரே வெயில்."

சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார். அக்கா பின்னாலேயே ஓடினார். தெருவை எடுத்துப் போகவில்லை.

12.5, செவ்வாய்

வெயில் ஏறுவதற்கு முன்பே அக்கா போன். "போய்ட்டாரு. நானும் வரேன்னேன், வேணாம்னுட்டாரு." லைனில் நின்றபடி மனசுக்குள் ஜெபமாலை. அண்ணன் நம்பருக்கு அடித்தேன். எடுக்கவில்லை. கேட்டில் வேறு ஆள்.

மதியம் சாப்பிடவில்லை. டிபன் பாக்ஸைத் திறந்தேன், மூடினேன். அக்கா மறுபடி போன். ஸ்டேஷனிலிருந்து கிளம்பி ரொம்ப நேரம் ஆகிவிட்டதாம், வீட்டுக்கு வரவில்லையாம். அரை நாள் லீவு போட்டுவிட்டு ஸ்டேஷனுக்கு ஓடினேன். ரயில்வே ஸ்டேஷனா, போலீஸ் ஸ்டேஷனா என்று ஆட்டோக்காரர் கேட்டார். வாயில் வந்தது ரயில்வே.

ரயில்வே பிளாட்ஃபாரத்தின் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். இஸ்திரி போட்ட சட்டை. பையையும் கையையும் பார்த்தேன். பை இல்லை. கையில் எதுவும் இல்லை.

"வாங்கலியா அண்ணா?"

"லைசென்சோட குடுத்துட்டேன். வேணாம்னு எழுதிக் குடுத்தேன்."

பக்கத்தில் உட்கார்ந்தேன். லோக்கல் வந்தது, போனது. அவர் ஏறவில்லை.

"காரணம் கேட்டாங்கம்மா. கண்ணு சரியில்லன்னு எழுதினேன்."