கிள்ள வேண்டிய பூ

மழை விட்ட மாலை. லிஃப்டிலிருந்து இறங்கி நடைவழியில் திரும்பியதும் அந்த மணம் என்னை நிறுத்திவிட்டது. உன் புகையிலைச் செடி பூத்திருந்தது. பகலில் ஒன்றும் தெரியாது. வெயில் இறங்கினால்தான் மெல்ல மணக்கும். காய்கறிப் பையைக் கீழே வைத்துவிட்டு, நீ பக்கத்தில் நிற்பது போலவே வெகுநேரம் நின்றேன். அடுத்த வீட்டு மலாய்க்கார அம்மா சிரித்துக்கொண்டே கடந்து போனார்.

யாராவது சிகரெட் பற்றவைத்தால் மூக்கைப் பொத்திக்கொண்டு எதிர்ப்பக்கம் போய்விடுவாய். அப்படிப்பட்டவள் ஆசையாக வளர்த்தது புகையிலை! கேட்பவர்களிடம் "பூச்செடி லா" என்று முடித்துக்கொள்வாய். விதை எங்கே கிடைத்தது என்று நான் கேட்டபோதெல்லாம் ஒரு புதுக்கதை. ஒரு நாள் தேக்கா சந்தையில் பூக்கட்டுகிற அக்கா கொடுத்தது. இன்னொரு நாள் கப்பலில் வந்தது. நான் எதையும் நம்பவில்லை, எல்லாவற்றையும் ரசித்தேன்.

ஜூரோங் தொழிற்சாலையில் பக்கத்துப் பக்கத்து நாற்காலி நமக்கு. கம்பெனி பஸ்ஸில் என் தோள்தான் உனக்குத் தலையணை. ஞாயிற்றுக்கிழமைகளில் மார்சிலிங்கில் உன் அடுக்குமாடி புளோக்குக்கு வருவேன். கீழ்த்தளத்துத் தோட்டப் பாத்தியில் நீ குந்தியிருப்பாய். அந்த விதை ரவையைவிடப் பொடி, மூச்சுப் பட்டால் பறந்துவிடும். அதனால் விதை தூவும் நேரத்தில் மட்டும் உன் வாய் மூடியிருந்தது. எனக்கும் அப்போதுதான் ஓய்வு.

பூக்கும் காலத்தில் ஒரே ஒரு செடியை விதைக்கு விட்டுவிட்டு, மற்றவற்றின் பூங்கொத்தையெல்லாம் கிள்ளிவிடுவாய். இல்லாவிட்டால் தேனீயும் தேன்சிட்டும் ஒன்றோடொன்றைக் கலந்துவிடும் என்பாய். ஒரு தடவை இருப்பதிலேயே உயரமான, அழகான செடியில் கைவைத்தாய். எனக்கு மனசே ஆறவில்லை.

"ஏய், இதுதானே அழகா இருக்கு! இதப் போயி கிள்ளுறியே?"

"அழகா இருந்து என்ன பண்றது? போன வாரக் காத்துல சாஞ்சிருச்சு, குச்சி வச்சுக் கட்டினேன். இந்தக் குட்டையப் பாரு, எதுவும் கேக்கல. இந்தச் சிங்கப்பூரு மழைக்கு இதுதான் சரிப்படும்."

"இப்படி மாத்திக்கிட்டே போனா, முதல்ல வச்ச செடி எங்கடி?"

"இதுதான் அது. இங்க இருந்து பழகிடுச்சு லா."

நீ போன பிறகு உன் மகள் ஒரு சின்னக் குப்பியில் விதையைக் கொண்டுவந்து கொடுத்தாள். என் வீடு மேல்மாடி. அரைநாள்தான் வெயில், நாளெல்லாம் காற்று. முளைத்ததில் என் நினைவில் நிற்கும் உன் செடியைப் போல நெடுநெடுவென்று, விசிறி இலையோடு வளர்ந்ததை மட்டும் ஒவ்வொரு முறையும் விதைக்கு விட்டேன். குச்சி கட்டினேன், காற்றடித்தால் தொட்டியை உள்ளே தூக்கி வந்தேன். ஆனாலும் ஒவ்வொரு விதைப்பிலும் பிழைத்தவை குறைந்துகொண்டே வந்தன. இந்த முறை குப்பி காலி. பூத்தது இரண்டே செடி.

ஒன்று உயரமானது. அடியிலை மஞ்சளாகி, மூன்று குச்சியில் சாய்ந்து நிற்கிறது. ஆனால் அதே வெளிர் ரோஜாநிறப் பூ. அதன் பக்கத்தில் நின்றால் மார்சிலிங்கில் இருப்பது போலவே இருக்கும். மற்றொன்று நடைவழியின் கோடியில் நான் மறந்தே போனது. குட்டை, தடித்த சின்ன இலை, கொஞ்சம் அடர்ந்த நிறப் பூ. உன் செடியின் சாயல் துளிகூட இல்லை. போன வாரப் பேய்க்காற்றில் ஓர் இலைகூடக் கிழியவில்லை.

உன் மகள் போனில் கேட்டாள், "ஆன்ட்டி, அம்மா செடி மாதிரியே இருக்கா? விதை எனக்கும் வேணும், பிளீஸ்."

அன்று முழுக்க என்னால் முடிவெடுக்க முடியவில்லை. இரண்டையும் விட்டால் கலந்துவிடும், நீ சொன்னபடி ஒன்றைத்தான் விட வேண்டும். உயரமானதை விதைக்கு விட்டால் இன்னொரு தலைமுறைக்குக்கூட அது தாங்காது, உன் விதை என் கையிலேயே அற்றுப்போகும். அதைக் கிள்ளினால், உன்னைப் போலிருக்கும் கடைசிச் செடியும் போய்விடும்.

நேற்று மாலை கிள்ளினேன். உயரமானதைத்தான். சாம்பல் கரைத்த நாளில்கூட இப்படி அழவில்லை. பிறகு விதை சிந்தாமல் இருக்க, குட்டையின் பூங்கொத்துக்கு ஒரு காகிதப் பையை மாட்டி, நூலால் மெதுவாகக் கட்டினேன். விரலெல்லாம் பிசின், உன் விரலில் எப்போதும் இருந்த அதே பிசின். கழுவ மனம் வரவில்லை.

நீ இல்லாத இடத்தில் வாழ அந்தச் செடி பழகிவிட்டது. நான் இன்னும் பழகவில்லையடி.